மெட்டு

ஓசூரில் ஒருவர் 'மெட்டு' என்று சொன்னால், அவர் எந்த மொழியில் பேசுகிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தெலுங்கில் அது படிக்கட்டின் ஒரு படி. கன்னடத்தில் 'மெட்டிலு' என்று சற்றே நீண்டு அதே பொருளைத் தரும். தமிழில் பாட்டுக்கு இடப்படும் இசை. வீணைக்காரர்களின் பேச்சிலோ, விரல் பதியும் இடம் காட்டக் குறுக்கே பதித்த பித்தளைத் துண்டு. மூன்று மொழிகளும் புழங்கும் இந்த எல்லைப்புற ஊரில் மின்கிதார்களைக் கையால் செய்யத் தொடங்கிய எங்களுக்கு, 'ஃப்ரெட்' என்ற ஆங்கிலச் சொல் முதல் வாரத்திலேயே உதிர்ந்துபோயிற்று. மெட்டு என்றால் எல்லாருக்கும் விளங்கியது. ஏறும் படியும், பாட்டும், உலோகத் துண்டும் எங்கள் வேலையில் ஒன்றுதான்.

நாங்கள் ஐந்து பேர். ராயக்கோட்டைச் சாலையிலிருந்து பிரியும் தெருவொன்றில், எங்களில் ஒருவருடைய வீட்டின் பின்கட்டில் ஒரு மேசையும் ஒரு வைஸும் போட்டு வேலை செய்கிறோம். இதுவரை ஏழு கிதார்களும் இரண்டு பேஸ் கிதார்களும் செய்திருக்கிறோம். ஐவரில் ஒருவர்தான் முறையாக வாசிக்கத் தெரிந்தவர். தேவாலயத்தில் ஞாயிறுதோறும் வாசிக்கும் இளைஞர். மற்றவர்கள் தொழிற்பேட்டையால் வளர்க்கப்பட்ட கைகள். ஒருவர் பிரஸ் ஷாப்பிலும் டூல் ரூமிலும் உழைத்து ஓய்வுபெற்ற ஃபிட்டர். ஒருவர் கைக்கடிகாரங்களைப் பூட்டும் வரிசையில் பல்லாண்டுகள் அமர்ந்திருந்த அக்கா. ஒருவர் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர்.

வாசிக்கத் தெரியாதவர்கள் கிதார் செய்வதா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பெயர் உண்டு: லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவருக்குக் கிதார் வாசிக்க வராது. ஆனால் 1950இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த பலகைக் கிதாரும், 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் உலக இசையின் ஒலியையே மாற்றின. வயலினையோ வீணையையோ போலப் பரம்பரைத் தச்சர்களின் கையில் பிறந்ததல்ல மின்கிதார். தட்டையான பலகை, அதில் நான்கு திருகுகளால் முடுக்கிய கழுத்து, பழுதானால் கழற்றி மாற்றக்கூடிய உறுப்புகள் என்று, பிறக்கும்போதே அது பட்டறைக் குழந்தை. 1980களிலிருந்து மொபெட்டுகளையும் லாரிகளையும் கடிகாரங்களையும் பூட்டி அனுப்பிவரும் ஓசூருக்கு அது அந்நியப் பொருளே அல்ல என்பதை, முதல் கிதாரின் கழுத்தை முடுக்கிய அன்றே உணர்ந்தோம்.

மெட்டுகளின் இடத்தைக் கணிப்பது எளிய வகுத்தல். தலைப்பக்கத்து எலும்புத் துண்டிலிருந்து பாலம் வரை தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதை 17.817ஆல் வகுத்தால் 36.37, முதல் மெட்டு அங்கே. மிச்சமிருக்கும் நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாம் மெட்டு மிகச் சரியாக நடுவில், 324இல் வந்து நிற்கும். சுருதி ஒரு ஸ்தாயி ஏறியிருக்கும். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி ஒரு லூட் கலைஞர். அவர் 1581இல் வெளியிட்ட நூலில் 18ஆல் வகுக்கும் எளிய முறையைச் சொல்லியிருக்கிறார். அதன்படி பதித்தால் பன்னிரண்டாம் மெட்டு நடுவுக்கு 2.4 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிடும். சுருதி சற்று இறங்கியிருக்கும். தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி கொஞ்சம் ஏறுவதால் லூட்டில் அந்தக் குறை ஓரளவு ஈடுசெய்யப்பட்டது. கணக்கு விட்டதை விரல் நிரப்பிய காலம் அது.

கணக்கு முடிந்த பிறகுதான் கையின் வேலை. 0.6 மில்லிமீட்டர் அகலத்தில் ரம்பத்தால் பள்ளம் அறுத்து, ஜெர்மன் சில்வர் கம்பியை அதில் அடித்து இறக்க வேண்டும். பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பவை செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இருபத்திரண்டு கம்பிகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று முடியளவு உயர்ந்திருந்தாலும் அதற்கு முந்தைய மெட்டில் விரல் வைக்கும்போது தந்தி அதன்மேல் உரசிக் கரகரக்கும். இங்கேதான் எங்கள் ஃபிட்டர் அண்ணன் நுழைகிறார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவனை முதலில் இரும்புக் கட்டியின் முன் நிறுத்தி, அரத்தால் தட்டையாக்கச் சொல்வார்கள். நாள்கணக்கில் அதே வேலை. உள்ளங்கை கொப்பளித்துக் காய்த்துப்போகும். அந்தக் கையைத்தான் சி.என்.சி. இயந்திரங்கள் வந்தபின் ஆலைகள் மெல்லக் கைவிட்டன. எங்கள் மேசையில் அது மறுபடியும் வேலைக்கு வந்தது. மெட்டுகளின் தலையில் மார்க்கர் மை தடவி, நீண்ட அரத்தைக் கழுத்தின் நீளவாக்கில் அவர் செலுத்துவார். எங்கே மை அழிகிறதோ அது மேடு. எல்லாவற்றின் தலையிலும் மை ஒன்றுபோல் அழியும்போது அரம் நின்றுவிடும். ஒரு தள்ளல்கூட மிகுதியாக இராது.

வீணையில் இந்தக் கதை வேறு. மெழுகும் கரித்தூளும் கலந்த படுகையில் இருபத்து நான்கு மெட்டுகளையும் செவியால் கேட்டுக் கேட்டுப் பதிக்கிறார்கள். அந்த இருபத்து நான்கு மெட்டு அமைப்பைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரின் அவையோடு இணைத்துச் சொல்வது மரபு. மெழுகு இளகினால் மெட்டு நகரும். நகர்ந்தால் மீண்டும் செவியே தீர்ப்புச் சொல்லும். கிதாரின் மெட்டு நகராது. இதைக் கருவியின் குறை என்று கர்நாடக இசை கேட்டு வளர்ந்த நண்பர்கள் சொல்வதுண்டு. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) நகராத மெட்டுகள் கொண்ட மின்கருவியில்தான் தோடியையும் பைரவியையும் வாசித்தார். இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, நான்கு இணைகள் இருந்த இடத்தில் ஐந்து தந்திகளை வைத்துக்கொண்டு, மெட்டு தராத சுரங்களையெல்லாம் விரலால் இழுத்து வாங்கினார். செவி உள்ளவருக்கு மெட்டு ஒரு தொடக்கம் மட்டுமே. செவி கைவிட்டவருக்கு அது என்ன என்பதை நாங்கள் பின்னால்தான் அறிந்துகொண்டோம். அதற்கு முன் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கிதார்களின் உடல் பெரும்பாலும் மாமரம். கிருஷ்ணகிரி மாவட்டம் மாவுக்குப் பேர்போனது. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் அழைக்கப்படும் பழம் இங்கிருந்துதான் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. தோப்புகள் மனைகளாகவும் கொட்டகைகளாகவும் மாறும்போது வெட்டப்படும் மரங்கள் பெட்டிப் பலகையாகவோ விறகாகவோ முடிகின்றன. பர்கூர்ப் பக்கத்தில் அப்படி விழுந்த ஒரு மரத்தை அறுவை மில்லில் பலகையாக்கி, இரண்டு ஆண்டுகள் நிழலில் உலர்த்தினோம். ஹவாய்த் தீவுகளில் உகுலேலே செய்பவர்கள் மாமரத்தை நெடுங்காலமாக விரும்பிப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் எங்களுக்கு ஐயம் இருக்கவில்லை. கரும்பழுப்பு ரேகைகள் ஓடும் அந்தப் பலகையை இழைக்கும்போது, இதில் எத்தனை கோடைக்காலங்கள் காய்த்தன என்று அக்கா கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை.

மெட்டுகளைத் தாங்கும் பலகைக்கு ஈட்டி மரம் வேண்டும். உலகின் பெருநிறுவனங்கள் தேடிவருவதும் நம் ஈட்டியைத்தான். 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் நிறுவனத்தின் ஆலைகளைச் சோதனையிட்டு, இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலிப் பலகைகளைக் கைப்பற்றிய செய்தி கிதார் உலகை உலுக்கியது. வழக்கு 2012இல் சமரசத்தில் முடிந்தது. 2017 ஜனவரி முதல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. எங்கள் தேவையோ சிறியது. பழைய மரச்சாமான் கடையில் வாங்கிய உடைந்த கட்டிலின் சட்டங்களிலிருந்து ஒன்பது பலகைகளும் கிடைத்துவிட்டன.

தந்தியின் அசைவை மின்னாக மாற்றுவது காந்தமும் காயிலும். 0.063 மில்லிமீட்டர் செப்புக் கம்பியை ஏறத்தாழ எண்ணாயிரம் சுற்றுகள் சுற்ற வேண்டும். மோட்டார் காயில் கட்டுபவர் அந்தக் கம்பியைக் கண்டதும், "இது கம்பி இல்லைங்க, மயிரு" என்று சிரித்தார். சுற்றும் இயந்திரத்தைத் தையல் மோட்டாரிலிருந்து அவர்தான் செய்து தந்தார். கம்பியை விரலிடையில் பிடித்து, அறாமலும் தளராமலும் வழிநடத்துவது அக்கா. குவார்ட்ஸ் கடிகாரத்தினுள்ளும் முடியைவிட மெல்லிய கம்பியில் ஒரு காயில் உண்டு. அதனோடு பழகிய கைக்கு இது கயிறு. எண்ணாயிரம் சுற்று முடியும்வரை அவர் பேசுவதில்லை, எங்களையும் பேசவிடுவதில்லை.

இனி ஃபிட்டர் அண்ணனின் செவி. பிரஸ் ஷாப்பின் இரைச்சல் மனிதச் செவியை ஒரேயடியாக மூடுவதில்லை. முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல்தட்டு ஒலிகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. பேச்சில் சகர ஒலிகள் மங்கும். கூட்டத்தில் எவர் சொல்வதும் பிடிபடாது. வீட்டில் தொலைக்காட்சியின் ஒலி ஆண்டுதோறும் ஒரு படி ஏறும். போன செவிநரம்பு திரும்புவதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக இது இடம்பெற்றிருந்தது. அவருடையதை எவரும் எங்கும் அறிவிக்கவில்லை. "வயசாச்சு" என்று ஒரு சொல்லில் முடிந்தது.

ஆகவே எங்கள் பட்டறையில் ஒரு விசித்திரம் நிலவுகிறது. மெட்டுகளை மட்டம் செய்பவருக்குக் கரகரப்புக் கேட்காது. கரகரப்பைக் கேட்பவருக்கு அரம் பிடிக்கத் தெரியாது.

"அண்ணா, ஒன்பதாவதுல கரகரங்குது" என்பார் இளைஞர்.

"எங்கன்னு சொல்லாத தம்பி. என் விரலை வச்சு மீட்டு" என்பார் அவர்.

அழுத்திய விரல்நுனியில் அந்த உரசலின் அதிர்வு அவருக்குத் தெரிந்துவிடும். பத்தாவதன் தலையில் அரம் இரண்டு முறை போய்வரும். கரகரப்பு இருக்காது. ஒருவருடைய செவியும் மற்றொருவருடைய விரலும் சேர்ந்துதான் ஒரு தச்சர். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்றே எழுதிச் செல்வதற்கும் வேறு காரணம் இல்லை.

இரண்டாவது பேஸை அவருக்காகவே செய்தோம். பேஸின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பிரஸ் ஷாப் தொடாமல் விட்டுவைத்த உலகம் அது. பலகை மார்பில் அணைந்திருப்பதால் ஒலி எலும்பின் வழியாகவும் போய்ச் சேருகிறது. அப்போது எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. மெட்டே இல்லாத பேஸாகச் செய்யலாம் என்றார் இளைஞர். ஜாக்கோ பாஸ்டோரியஸ் (1951–1987) தம் பேஸின் மெட்டுகளை அகற்றிப் பள்ளங்களை நிரப்பி, அதிலிருந்து மனிதக் குரல் போன்ற ஒலியை வரவழைத்தவர் அல்லவா? தேய்க்கவும் வழுக்கவும் நம் இசைக்கும் அதுதானே பொருந்தும்?

அண்ணன் ஒப்பவில்லை. "மெட்டு இல்லேன்னா சரியா நிக்கிறேனான்னு நான் காதை நம்பணும். அதுதானே இல்ல?" என்றார்.

லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பேஸ் கிதாருக்குப் 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று பெயரிட்டதன் பொருள் எங்களுக்கு அந்தச் சொற்களில்தான் விளங்கியது. அதுவரை பேஸ் என்றால் மெட்டில்லாத பெரும் கருவி. சரியான இடத்தைச் செவியும் பயிற்சியுமே காட்டும். மெட்டு வைத்ததும், விரலை அதற்குப் பின்னால் வைத்தால் போதும், சுருதி தவறாது என்றாயிற்று. இதை நாம் எந்திரத்தின் பிடிவாதம் என்று எண்ணியிருந்தோம். கேளாதவனுக்காகக் கேட்பவர்கள் முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாடு அது. படிக்கட்டும் அப்படித்தான், இருட்டில் ஏறுகிறவன் முந்தியவனின் அளவை நம்பிக் கால் வைக்கிறான்.

அந்தப் பேஸுக்கு 864 மில்லிமீட்டர் அளவில் முதல் மெட்டு 48.5இல் விழுந்தது. இருபது மெட்டுகளையும் அவரே அராவினார். பாலத்தின் திருகுகளைச் சுருதிமானியின் பச்சை விளக்கைப் பார்த்துச் சரிசெய்தார். இப்போது மாலைகளில், வேலை முடிந்து மற்றவர்கள் தேநீருக்குப் போகும்போது, அவர் பின்கட்டில் அமர்ந்து நான்கே சுரங்களை மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டிருக்கிறார். பெரிய வாசிப்பென்று சொல்ல முடியாது. ஆனால் சுருதி இம்மியும் பிசகுவதில்லை. பர்கூர் மாமரத்தில் இன்னும் இரண்டு உடல்களுக்குப் பலகை மீதமிருக்கிறது.