கீழிருந்து மேலே

பாக்கெட்டுகளை லேபிள் பார்த்து அனுப்பும் எம்பிஎல்எஸ் வேலை பழக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: டனல் கட்டும் கட்டளைக்கு அவசரப்படாதீர்கள். இரண்டு ஊர் அலுவலகங்களை ஒரே சுவிட்சில் செருகியதுபோல இணைத்துத் தரும் லேயர்-2 டனலுக்குச் சில வரிகள் போதும். அந்த வரிகளுக்குக் கீழே இருப்பவை சரியாக அமைவதில்தான் வேலையே இருக்கிறது.

அடியில் ரவுட்டிங். ஒவ்வொரு ரவுட்டருக்கும் /32 லூப்பேக் முகவரி கொடுத்து, ஓஎஸ்பிஎஃப் வழியாக மற்ற எல்லா ரவுட்டர்களுக்கும் தெரியச் செய்ய வேண்டும். ஒரு கேபிள் அறுந்தாலும் வேறு வழி இருந்தால் லூப்பேக் எட்டும், டனலும் நிற்கும். வழியில் யாராவது லூப்பேக் முகவரிகளைத் தொகுத்து ஒரே வரியாக அறிவித்துவிட்டால், லேபிள் பாதை அங்கேயே அறுந்துபோகும். பிங் போகும், டனலில் டிராஃபிக் போகாது. இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும்.

அதற்கு மேல் எல்டிபி. அடுத்தடுத்த ரவுட்டர்கள் 646ஆம் போர்ட்டில் பேசி லேபிள்களைப் பரிமாறிக்கொள்கின்றன. லேபிள் 20 பிட் எண்; 0 முதல் 15 வரை தனிப் பயன்களுக்கானவை. டனலில் போகும் பாக்கெட்டுக்கு இரண்டு லேபிள். வெளி லேபிள் எந்த ரவுட்டருக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது. உள் லேபிள் எந்த வாடிக்கையாளருடையது என்று சொல்கிறது.

பலரும் சறுக்குமிடம் எம்டியூ, அதாவது ஒரு லிங்க் விடும் மிகப்பெரிய பாக்கெட்டின் அளவு. வாடிக்கையாளரின் 1500 பைட்டோடு அவருடைய ஈதர்நெட் ஹெடர் 14, கன்ட்ரோல் வேர்டு 4, இரண்டு லேபிளுக்கு 8 சேர்ந்தால் 1526. விலான் டேகும் இருந்தால் 1530. நடுவில் ஒரு ரேடியோ லிங்க் 1500க்கு மேல் விடாவிட்டால், டனல் ‘அப்’ என்றே காட்டும். சின்னப் பிங்கும் போகும். பெரிய பாக்கெட் மட்டும் சத்தமில்லாமல் விழுந்துபோகும். அனுப்பிய கணினிக்கு எந்தத் தகவலும் வராது. மெயில் வருகிறது, ஃபைல் மட்டும் ஏறவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால், முதலில் எம்டியூவைப் பாருங்கள்.

ஆகவே டனல் ‘அப்’ ஆனதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். வாடிக்கையாளரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். ஹெடர்களின் 28 பைட் சேர்ந்து அது சரியாக 1500 ஆகும். அது போய்த் திரும்பிய பிறகே இணைப்பை ஒப்படையுங்கள்.