அச்சில் வராத இலக்கங்கள்

1961இல் எம்.ஐ.டி. வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரென்ஸ், தம் கணினி முன்னர் அச்சிட்டிருந்த எண்களையே உள்ளிட்டு, ஒரு கணக்கீட்டை இடையிலிருந்து மீண்டும் இயக்கினார். புதிய விடைகள் பழையவற்றோடு சிறிது தொலைவு ஒத்துச் சென்று, பின்னர் முற்றிலும் விலகின. கணினி பழுதென்றே அவர் முதலில் ஐயுற்றார். பழுது ஏதுமில்லை. நினைவகத்தில் இருந்தது 0.506127, தாளில் அச்சானது 0.506. அவர் உள்ளிட்டதும் அதுவே.

இன்றும் சி மொழி, இடம் குறிக்காவிடில், பதின்ம எண்ணை ஆறு இலக்கங்களுக்கு முழுமையாக்கியே அச்சிடும். கோடியில் ஒரு பங்கு அங்கே 0.000000 எனத் தோன்றும். அரிய சொல்லொன்றின் நிகழ்தகவை அவ்வாறு காணும் நிரலர் அதைச் சுழியமென நம்பி, பிழையற்ற நிரலைத் திருத்தப் புகுகிறார். ஆய்வேட்டு அட்டவணைகளில் நிகழ்தகவு 0.000 என்று எழுதப்படுவதும் இதே மயக்கத்தால்தான். முடிவுரைக்குமுன் முழு இலக்கங்களையும் ஒருமுறை அச்சிட்டுப் பார்ப்பது ஆய்வாளர் கடமை.