மூன்று நாள் வெயில், 254 கிலோமீட்டர்

பல நாள் சைக்கிள் ஓட்டுவது என்றால் நம் ஊர்களில் முன்பு ஒன்றுதான் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தில் கம்பம் நட்டு, டியூப் லைட் கட்டி, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, ஒருவர் ஏழு நாள் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருப்பார். சைக்கிளிலேயே சாப்பாடு, சைக்கிளிலேயே குளியல். கடைசி நாள் துண்டை விரித்துக் காசு சேர்ப்பார்கள். நாங்கள் இந்த வருடம் கலந்துகொண்ட பந்தயத்தைப் பற்றிச் சொன்னபோது, எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் முதலில் கேட்டதே "எத்தனை நாள் இறங்காம ஓட்டணும்?" என்றுதான்.

இது வேறு. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். காலையில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். யார் எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்று குறித்துக்கொள்வார்கள். கடைசி நாள் எல்லா நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் யாருக்கோ அவர் முதலிடம். பிரான்சில் 1903 முதல் நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்' இந்த வகைதான். இதில் முதலாவதாக வருவது எவ்வளவு பெரிய விஷயமோ, கடைசியாக வந்தாலும் வெளியேற்றப்படாமல் இருப்பது அவ்வளவு பெரிய விஷயம். அன்றைக்கு ஜெயித்தவரின் நேரத்தோடு இத்தனை சதவீதம் கூட்டி ஒரு வரம்பு வைப்பார்கள். அதைத் தாண்டினால் மறுநாள் ஓட முடியாது. நாங்கள் போன பந்தயத்தில் அது 25 சதவீதம். தொழில்முறை வீரர்கள் இல்லை. வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும் ஓடும் பந்தயம்.

நாங்கள் என்றால் நான்கு பேர். தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். ஓட்டியது எங்களில் இளையவன். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டான், தம்பி என்றே வைத்துக்கொள்வோம். பாலிடெக்னிக் முடித்து 24 வயதில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். அவன் அம்மா உப்பளத் தொழிலாளி.

அவன் ஓட்டிப் பழகியது அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிளில். தமிழ்நாட்டில் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02இல் தொடங்கியபோது அது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கானது என்பதை இன்றைய மாணவர்கள் பலர் அறிய மாட்டார்கள். பிறகுதான் மற்றவர்களுக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பி. சாய்நாத் அதை எழுதியிருக்கிறார். ஆனால் எங்கள் தாத்தாக்களிடம் கேட்டால் சைக்கிளைப் பற்றி முதலில் சொல்வது ஏறியதைப் பற்றி இல்லை, இறங்கியதைப் பற்றி. ஊர்த்தெரு வந்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். சில ஊர்களில் இது வெகுகாலம் பழைய கதையாகாமலே இருந்தது.

பந்தய சைக்கிள் பழையது, அலுமினியம், 38,000 ரூபாய். நாலு பேரும் தவணையில் கட்டினோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவற்றில் சில லட்சங்களில் விலை. நுழைவுக் கட்டணம் மட்டும் அம்மாவின் உப்பளக் கூலியில் ஏறக்குறைய பன்னிரண்டு நாள். அந்தக் கணக்கைப் போட்டுச் சொன்னது அவன் அம்மாதான். "போட்டுட்டு வா, ஆனா பாதியில திரும்பாத" என்றார்.

மே முதல் வாரம். தென்மாவட்டக் கடற்கரைச் சாலை. வெயிலுக்குப் பயிற்சி எடுப்பது எப்படி என்று இணையத்தில் தேடிக்கொண்டிருந்தோம். பத்து முதல் பதினான்கு நாள், தினமும் ஒரு மணி நேரமாவது வெயிலில் உழைத்தால் உடம்பு பழகுகிறது என்கிறது விளையாட்டு அறிவியல். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், வியர்வையில் உப்பு குறையும். இதையெல்லாம் நாங்கள் வாசித்துச் சொல்ல, அம்மா சிரித்தார். மழைக்காலம் முடிந்து உப்பளத்தில் வேலை தொடங்கும்போது முதல் பத்து நாள் தலை சுற்றும், பிறகு சுற்றாது, இதற்கு எதற்குப் புத்தகம் என்றார். வெறும் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடிக்காதே, உப்புப் போட்ட நீராகாரம் குடி என்பதும் அவர் சொன்னதுதான். அதற்கும் அறிவியல் இருக்கிறது. நீண்ட நேரம் வியர்த்த பிறகு வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகலாம்.

சைக்கிள் ஓட்டும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் மிதிக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு உள்ள பெரிய வழி வியர்வை. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, காய்வதால் குளிர்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், காயாது. அதனால்தான் தெர்மாமீட்டரில் 36 டிகிரி காட்டினாலும் எங்கள் ஊர் வெயில் வேறு மாதிரி அடிக்கிறது. விலை கூடிய பானப்பொடி எதுவும் வாங்கவில்லை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தவர்களை டாக்டர் திலீப் மகலனாபிஸ் காப்பாற்றியது உப்பும் குளுக்கோஸும் கலந்த இப்படிப்பட்ட தண்ணீரால்தான்.

முதல் நாளுக்கு முந்தைய மாலை பதிவு செய்யும் இடத்தில் கையில் ஒரு துணிப்பட்டை கட்டிவிட்டார்கள். வயதுப் பிரிவுக்கு ஒரு நிறம். சாப்பாட்டுக் கூடத்தில் அதைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். நடத்தியவர்கள் பெருநகரத்துக்காரர்கள், அவர்களுக்கு அது வெறும் பட்டை. தென்மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அப்படி இல்லை. தம்பியின் மணிக்கட்டை இரண்டு தன்னார்வலர்கள் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள், பிறகு மறுபடி மணிக்கட்டை. போய்ப் பேசினோம். பொறுப்பாளருக்கு நாங்கள் சொல்வது பிடிபட ஐந்து நிமிடம் ஆயிற்று. "அண்ணே, சத்தியமா எங்களுக்கு இது தெரியாது" என்றார். இரவோடு இரவாகப் பட்டையை எடுத்துவிட்டு, சைக்கிள் கைப்பிடியில் ஒட்டும் எண்ணாக மாற்றினார்கள். கேட்டதும் செய்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

முதல் கட்டம் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போய்த் திரும்புவது, 78 கிலோமீட்டர். முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகனேரி என்று இருபக்கமும் உப்பளம். பாத்திகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்று எதிர்ப்பு குறைந்து கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சமாகும். அதைத் தம்பி ஒழுங்காகச் செய்தான். இரண்டாவது குழுவில் 2 மணி 11 நிமிடத்தில் முடித்தான். அன்று ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை.

நடந்தது ராத்திரிச் சாப்பாட்டில். ஒரே மேசையில் இருந்த நடுவயதுக்காரர் அன்பாகத்தான் ஆரம்பித்தார். நல்லா ஓட்டுனீங்க தம்பி, எந்த ஊரு? ஊர் சொன்னான். அங்க எந்தத் தெரு? சொன்னான். அப்பா என்ன பண்றாங்க? குலசாமி எது? இந்த நாலு கேள்விகளின் வரிசை உங்களுக்கும் தெரியும். நாலாவதற்குப் பதில் வரும் முன்பே அவர் மோரில் கவனமாகிவிட்டார். சமூகவியல் வகுப்பில் உடனுண்ணலைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்தோம். தேர்வில் இந்த மேசை வரவில்லை.

இரண்டாம் நாள் திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி, 92 கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது. கொடியசைக்க வர வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஆறரை, ஏழு, ஏழேகால். 80 பேர் வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏழே முக்காலுக்குக் கொடி அசைந்தது. ஒரு பொன்னாடையின் விலையை அன்று பலர் உடம்பால் கட்டினார்கள். குலசேகரன்பட்டினம், மணப்பாடு தாண்டும்போது எதிர்காற்று. தேரி மணல் முகத்தில் அடித்தது. பனைமரங்கள் இருந்தும் நிழல் சாலையில் விழவில்லை. உவரியில் மீனுக்கு ஐஸ் விற்கும் கடையில் கட்டி வாங்கி உடைத்து, பழைய துப்பட்டாவில் மூட்டை கட்டி வைத்திருந்தோம். தம்பி வரும்போது தனியாக வந்தான், குழு போய் நாலு நிமிடம் ஆகியிருந்தது. ஓடிக்கொண்டே மூட்டையைக் கழுத்துக்குப் பின்னால் சட்டைக்குள் செருகினோம், இரண்டு பாட்டில் கொடுத்தோம். முகத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

கூடங்குளத்துக்கு முன்னால் ஒருவரைப் பிடித்திருக்கிறான். நேற்று ராத்திரி மேசையில் இருந்தவரேதான். அவர் பாட்டில் காலி. தம்பி முத்திரை பிரிக்காத மாதிரி இருந்த இரண்டாவது பாட்டிலை நீட்டினான். அவர் கையை அசைத்து வேண்டாம் என்றார். தம்பி இன்னொரு முறை நீட்டினான். வேண்டாம்.

இதை நாங்கள் அன்று ராத்திரி வெகுநேரம் பேசினோம். நீண்ட பந்தயத்தில் வயிறு குமட்டும், எதையும் வாயில் வைக்க முடியாது. அடுத்தவர் பாட்டிலில் குடிக்காதவர்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. அவரைப் பற்றி நாங்கள் எந்த முடிவுக்கும் வரவில்லை. ஆனால் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார், மறுநாள் 84 கிலோமீட்டர் ஓட வேண்டிய எங்கள் பையன் பதினொரு மணி வரை விழித்திருந்தான். இந்த ஆராய்ச்சிக்கு ஆகும் தூக்கம் எப்போதும் ஒரு பக்கத்திலிருந்தே போகிறது. பல்வங்கர் பாலூவை நினைத்துக்கொண்டோம். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். புனேயில் அவரோடு பந்து விளையாடியவர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் அரங்கத்துக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். மேஜர் டெய்லர் 1899இல் சைக்கிளில் உலகச் சாம்பியன் ஆனபோது, அமெரிக்க சைக்கிள் சங்கம் கறுப்பர்களை உறுப்பினராக்க மாட்டோம் என்று விதி போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. தம்பியின் போனில் முகப்புப் படம் எரித்ரியாவின் பினியம் கிர்மாய், 2024இல் டூர் டி பிரான்சில் மூன்று கட்டங்களை வென்று பச்சைச் சட்டை போட்டவர். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தான்.

அன்றைய கணக்கைச் சொல்லவில்லை. ஜெயித்தவர் 2 மணி 30 நிமிடம். வரம்பு 3 மணி 7 நிமிடம் 30 நொடி. தம்பி 3 மணி 3 நிமிடம். கோட்டைத் தாண்டியதும் சைக்கிளோடு சாய்ந்தான், நிழலுக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஊற்றினோம். பதிமூன்று பேர் வரம்பைத் தாண்டியோ பாதியில் நின்றோ வெளியேறினார்கள். அந்த நடுவயதுக்காரர் தம்பிக்கு ஒரு நிமிடம் பின்னால் வந்து தப்பித்தார்.

மூன்றாம் நாள் கன்னியாகுமரியிலிருந்து காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலிக்கு வெளியே. காவல்கிணற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இடதுபக்கமிருந்து அடித்தது. அங்கே ஏன் அத்தனை காற்றாலை என்று சைக்கிளில் போனால் புரியும். பக்கக்காற்றில் நேர் பின்னால் போனால் மறைவு கிடைக்காது, சாய்வாக, படிக்கட்டு மாதிரி வரிசை கட்ட வேண்டும். சாலை அகலம் தீரும்போது அந்த வரிசையில் கடைசியாக நிற்பவனுக்கு இடம் இருக்காது. தம்பியை முதல் வரிசையில் ஒருவர் கை காட்டிச் சேர்த்துக்கொண்டார், யாரோ சென்னைக் கல்லூரி மாணவர். முறை போட்டு முன்னால் காற்றை வாங்கினார்கள். அவர் ஊர் கேட்கவில்லை, "அடுத்து நீ" என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தார்.

நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய ஊர். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைப்பட்டை, மோதிரம், நெற்றிப்பொட்டு இவற்றால் சாதி காட்டுவதைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். சாதி அடையாளம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வரக்கூடாது என்பதும் அதில் உண்டு. அந்த அறிக்கையை எங்கள் படிப்பகத்தில் வரி வரியாக வாசித்தவன் தம்பி. ஊரைக் கடக்கும்போது சாலையோரம் பிள்ளைகள் நின்று கைதட்டினார்கள். வெறும் மணிக்கட்டோடு, மணிக்கு 38 கிலோமீட்டரில் போனான். எங்கள் வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முடித்தது 2 மணி 27 நிமிடம். மூன்று நாளும் கூட்டி 7 மணி 41 நிமிடம். கிளம்பிய 84 பேரில் முடித்தவர்கள் 66, தம்பி 51ஆவது. மறுநாள் திங்கட்கிழமை, எட்டு மணிக்கு ஒர்க்‌ஷாப் போய்விட்டான். முழங்கைக்குக் கீழே கறுப்பு, மேலே மாநிறம், கோடு போட்ட மாதிரி. அம்மா அதைத் தன் கையோடு வைத்துப் பார்த்தார்.

பந்தய சைக்கிள் இப்போது படிப்பகத்தில் நிற்கிறது. கூட இன்னும் இரண்டு பழைய சைக்கிள் சேர்ந்திருக்கின்றன, ஒன்றுக்கு செயின் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம், எட்டுக்குள் திரும்பிவிடுவோம். கல்லூரித் தங்கைகள் இரண்டு பேர் போன வாரத்திலிருந்து வருகிறார்கள். தலைக்கவசம் எங்களிடம் மூன்றுதான் இருக்கிறது, வருகிறவர்கள் சொல்லிவிட்டு வாருங்கள்.