முன்னங்கால் தாங்கும் குதிரைக்கு லாடமும் ஒரு வைத்தியம்

பழனி அடிவாரத்தில் ஆட்டோக்கள் பெருகியபின் குதிரை வண்டிகள் குறைந்துவிட்டன. ஆனாலும் மொட்டை போட வந்த பிள்ளைகள் குதிரை வண்டியில்தான் ஏறுவோம் என்று அடம்பிடிப்பது நிற்கவில்லை. தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று கூட்டம் வரும் நாட்களில் கிடைப்பதை வைத்துத்தான் வண்டிக்காரர்கள் மற்ற மாதங்களைத் தள்ளுகிறார்கள். அந்த நாட்களில் குதிரை முன்னங்காலைத் தாங்க ஆரம்பித்தால் வீட்டில் உலை வைப்பதே கஷ்டம்.

அப்படி மாட்டிக்கொண்ட வண்டிக்காரர் ஒருவர், "தோள்ல சுளுக்குங்க" என்று சொல்லி வாரக்கணக்கில் எண்ணெய் போட்டு உருவிவிட்டார். குதிரை காலையில் எட்டு குறுக்கி நடக்கும். கொஞ்ச தூரம் ஓடி உடம்பு சூடானதும் தேவலை. திருப்பத்தில் தடுமாறும். நிற்கும்போது ஒரு முன்னங்காலை முன்னால் நீட்டி வைக்கும், சிறிது நேரத்தில் அடுத்த காலை நீட்டும். காலில் வீக்கம் இல்லை, சூடும் இல்லை. இப்படி இருந்தால் தோளை விட்டுவிட்டுக் குளம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கால்நடை மருத்துவர் குளம்பின் குதிகால் பக்கத்தைக் குறட்டால் அழுத்தினார். குதிரை காலை உதறியது. பிறகு, தாங்கிய காலில் குதிகாலுக்குப் போகும் நரம்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு நடக்கவிட்டார். அந்தக் கால் சரியாக விழுந்தது, ஆனால் அதுவரை நன்றாக இருப்பதாக நினைத்த மறுகாலைக் குதிரை தாங்கியது! வலி இரண்டு காலிலும் இருந்திருக்கிறது; அதிகமாக வலித்த கால்தான் வெளியே தெரிந்தது.

குளம்புக்குள் பின்பக்கமாகத் தோணி வடிவத்தில் ஒரு சிறு எலும்பு இருக்கிறது. காலை மடக்கும் தசைநார் அதன்மேல் உரசித்தான் கீழே இறங்குகிறது. கமலை இறைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உருளை சொரசொரப்பானால் கயிறு நைந்துபோகும், கயிறு விறைப்பாக இழுத்தால் உருளை தேயும். இங்கே நடப்பதும் அதுதான். குதிரையின் எடையில் 100க்கு சுமார் 60 பங்கு முன்னங்கால்களில் நிற்கிறது. அதோடு தார் ரோட்டின் அதிர்ச்சியும் சேர்கிறது.

இதற்கு லாடம் என்ன செய்யும்? குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. வளரும்போது லாடத்தையும் முன்னால் இழுத்துக்கொண்டு போகும். நுனி நீண்டு, குதிகால் தாழ்ந்து, தசைநார் விறைத்து எலும்பை அழுத்தும். "இரும்பு இன்னும் தேயலையே" என்று 3 மாதம் ஒரே லாடத்தில் ஓட்டுவது சிக்கனம் போலத் தெரியும்; கடைசியில் குதிரைதான் தேய்கிறது. தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் 4 முதல் 6 வாரத்துக்குள் கழற்றி, குளம்பைச் செதுக்கி மறுபடி அடிக்க வேண்டும்.

நோய் கண்ட குதிரைக்கு முதலில் நீண்ட நுனியைக் குறைக்க வேண்டும். லாடத்தின் முன்பக்கம் உருண்டையாகவும் சற்றுப் பின்தள்ளியும் இருந்தால் கால் சுலபமாக எழும்பும். பின்முனைகள் இரண்டும் குதிகாலுக்கு வெளியே கொஞ்சம் நீண்டு தாங்க வேண்டும். அந்த இரண்டு முனைகளையும் இணைத்து முட்டை வடிவத்தில் செய்யும் லாடமும் உண்டு. குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி கூடாது, மிதிக்கும்போது குதிகால் விரிய இடம் வேண்டும். சில குதிரைகளுக்குக் குதிகாலின் கீழ் ஆப்பு போல ஒரு தகடு வைத்து உயர்த்துவார்கள். உடனே சுகம் தெரியும். அப்படியே விட்டுவிட்டால் குதிகால் நசுங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

எது பொருந்தும் என்பதை எக்ஸ்ரே பார்த்து முடிவு செய்வது நல்லது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் எடுக்கலாம். அந்தப் படத்தை லாடக்காரரும் பார்க்க வேண்டும். மருத்துவர் ஒரு நாள், லாடக்காரர் ஒரு நாள் என்று தனித்தனியாகப் பார்ப்பதில்தான் பாதி வைத்தியம் வீணாகிறது. மாட்டுக்கு லாடம் கட்டிப் பழகியவர் என்றால் இன்னும் கவனம் தேவை. பிளந்த குளம்புக்கு இரண்டு துண்டாக அடிக்கும் கைக்கு, இந்த அளவுகளைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த நோய் முழுசாகக் குணமாகாது. அந்த வண்டிக்காரரின் குதிரையும் தாங்கல் குறைந்து நடக்கிறது, ஆனால் பழைய பாரம் இழுப்பதில்லை, நடைகளைப் பாதியாக்கிவிட்டார். வருமானமும் பாதிதான். வலி ஊசி போட்டு முழு நாளும் ஓட்டலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. வலி மறைந்தால் குதிரை தன் காலைத் தானே பாதுகாத்துக்கொள்ளாது. அதிலும் டைக்ளோஃபினாக் ஊசியைக் கால்நடைகளுக்குப் போடுவது, கழுகுகள் செத்ததால் 2006லேயே தடை செய்யப்பட்டது.

ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் குதிரை பிடிக்கப் போகிறவர்கள் பல்லை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிட வேண்டாம். கெட்டியான தரையில் சின்ன வட்டமாக, முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் ஓடவிடுங்கள். இரண்டு சுற்றிலும் உள்பக்க முன்னங்காலைத் தாங்கினால் லாடத்தைத் திருப்பிப் பாருங்கள்.