சீசனுக்குக் கிளம்பும் முன் பின் டயரைப் பாருங்கள்! இலத்தூர் விலக்கு முதல் புளியரை வளைவு வரை...

மதுரைப் பக்கமிருந்து குற்றாலத்துக்கு வருபவர்களுக்கு இலத்தூர் விலக்கு பழகிய பெயர். ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டி வந்தால் இந்த விலக்கு வரும். நேராகப் போனால் தென்காசி, குற்றாலம். மேற்கே திரும்பினால் இலத்தூர் ஊர், அதைத் தாண்டி செங்கோட்டை. அங்கிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு என்று சாலை கேரளத்துக்குள் இறங்கிவிடும்.

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வீச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் சீசன். மேற்கே மலை முழுக்க மேகம். மதுரையில் வெயிலில் கிளம்பிய வண்டி இங்கே வரும்போது வைப்பரைத் தேடும். ஐந்தருவியில் குளிக்கலாமா, பழைய குற்றாலம் போகலாமா என்று பின் சீட்டில் பேச்சு ஓடும்போது, முன் சீட்டில் ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சாரலில் சாலை எவ்வளவு வழுக்கும் என்பதுதான் அது.

கொட்டும் மழையைவிட சாரல் ஆபத்து

குற்றாலச் சாரல் கொட்டித் தீர்க்கும் மழை அல்ல. பூவாகத் தூவும், நிற்கும், வெயில் எட்டிப் பார்க்கும், மறுபடி தூவும். உடம்புக்குச் சுகம்தான். சாலைக்கு அப்படி இல்லை.

தார்ச் சாலையின் மேல் டயர் தேய்ந்த ரப்பர் தூள், வண்டிகளிலிருந்து சொட்டிய ஆயில், டீசல், காற்றில் வந்த தூசு எல்லாம் படிந்திருக்கும். பலத்த மழை என்றால் கொஞ்ச நேரத்தில் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். தூறலுக்கு அந்தப் பலம் கிடையாது. ஆயிலையும் தூசையும் குழைத்துச் சாலை மேல் மெல்லிய பூச்சாகப் பூசிவிட்டுப் போகும். விட்டு விட்டுத் தூறும் ஊரில் இந்தப் பூச்சு திரும்பத் திரும்ப உருவாகிக்கொண்டே இருக்கும். கேரளத்துக்குப் பாரம் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓயாமல் போகும் பாதை என்பதால், வளைவுகளில் சிந்திய எம்-சாண்ட் தூளும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இலத்தூரைச் சுற்றி வயல்களும் குளங்களும். ஜூன், ஜூலையில் கார் நெல்லுக்கு உழவு நடக்கும். சேற்று வயலிலிருந்து சாலை ஏறும் டிராக்டர் சக்கரம் விட்டுச் செல்லும் சேறு, தூறலில் நனைந்தால் சோப்பு மாதிரிதான். சனீஸ்வரர் சந்நிதிக்காக வெளியூர்க்காரர்களும் தேடி வரும் மதுநாதசுவாமி கோயில் இந்த ஊரில்தான் இருக்கிறது. கோயிலுக்குத் திரும்பும் வண்டிகளும் நடந்து போகிறவர்களும் இதே சாலையில்தான்.

எந்த வண்டிகளுக்கு இந்தக் கவலை?

இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுபடுபவை. ஆனால், சீசன் நேரத்தில் இந்தச் சாலையில் நின்று பார்த்தால், பின்சக்கரத்தால் தள்ளப்படும் வண்டிகள் வரிசையாக வரும். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர், 1984-ல் வந்து 2019-ல் விடைபெற்ற ஆம்னி, அதன் தம்பி ஈக்கோ, பொலிரோ, டவேரா, குவாலிஸ், பழைய இன்னோவா, காய்கறி ஏற்றிவரும் 'குட்டியானை' எல்லாமே இந்த ரகம். குடும்பத்தோடு கிளம்பும்போது வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான்.

இவற்றில் பழைய வண்டிகளில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. அந்த வசதி இருந்தால், சக்கரம் பிடி இல்லாமல் வேகமாகச் சுழன்றதும் சென்சார் கண்டுபிடித்து, இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் அல்லது அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும். இந்தியாவில் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய பல வண்டிகளில் அதுவும் இல்லை. அப்படியானால் அந்த வேலையை யார் செய்வது? ஓட்டுபவரின் வலது கால்தான்.

ஒரே சம்பளம், மூன்று செலவு

ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். வண்டி வேகம் எடுப்பது, நிற்பது, திரும்புவது மூன்றுக்கும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிதான் மூலதனம். மாதச் சம்பளம் மாதிரி. மொத்தத்தையும் பிரேக்குக்கே செலவழித்தால், திரும்புவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. மழை அந்தச் சம்பளத்தையே ஏறக்குறைய பாதியாக வெட்டிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், காய்ந்த சாலையில் பிரேக் மிதித்த பிறகு நிற்க சுமார் 20 மீட்டர் எடுத்தால், ஈரச் சாலையில் சுமார் 35 மீட்டர் எடுக்கும். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்றால், அந்த ஒரு நொடியில் மட்டும் வண்டி 17 மீட்டர் ஓடியிருக்கும். வேகத்தை 40-க்குக் குறைத்தால், அதே ஈரத்தில் பிரேக் தூரம் 16 மீட்டருக்குள் அடங்கும். எந்தப் புதுக் கருவியும் வாங்காமல் கிடைக்கும் பாதுகாப்பு இது.

டயரில் மூன்று சோதனை

முதலில் பள்ளம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால், மழைச் சாலையில் அதுவரை காத்திருக்கக் கூடாது. தண்ணீரை வெளியே தள்ளுவதே அந்தப் பள்ளங்கள்தான். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போகும்போதே மாற்றிவிடுவது நல்லது. வயதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2318 என்றிருந்தால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பள்ளம் மிச்சம் இருந்தாலும், ரப்பர் இறுகிப்போன பழைய டயர் ஈரத்தில் பிடிக்காது.

இரண்டாவது காற்று. மழையில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மணலிலும் சேற்றிலும் அது உண்மை. தார்ச் சாலையில் நேர் எதிர். ஈர ஓடுதளத்தில் விமானங்கள் வழுக்குவதை 1960-களில் ஆராய்ந்த அமெரிக்காவின் நாசா, டயரில் காற்று குறையக் குறைய அது தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது என்று கண்டறிந்தது. அந்தச் சூத்திரப்படி, தண்ணீர் தேங்கிய சாலையில் 30 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் மணிக்கு சுமார் 90 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று 20-ஆகக் குறைந்திருந்தால் 75 கி.மீ. வேகத்திலேயே மிதந்துவிடும். மிதக்கும் டயருக்கு ஸ்டீயரிங்கும் தெரியாது, பிரேக்கும் தெரியாது. கதவருகே ஒட்டியிருக்கும் தகட்டில் கம்பெனி சொல்லும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புவதே சரி.

மூன்றாவது, புது டயரை எங்கே மாட்டுவது? இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் பலர் முன்னால் மாட்டுவார்கள். ஈரத்தில் புதியவை பின்னால்தான் இருக்க வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்து மீட்டுவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். பின்சக்கரத்தால் ஓடும் வண்டிக்கு இது இரட்டிப்பு உண்மை.

டிக்கியில் மணல் மூட்டை?

அம்பாசிடரில் கனமான இன்ஜின் முன்னால். தனியாக ஓட்டும்போது பின்பக்கம் லேசாகிவிடும். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். பின் சீட்டில் ஆள் இல்லாவிட்டால் அதுவும் அப்படித்தான். காலி குட்டியானையைக் கேட்கவே வேண்டாம். பனி விழும் நாடுகளில், பின்சக்கர வண்டிக்காரர்கள் டிக்கியில் மணல் மூட்டை வைப்பது பழைய வழக்கம்.

இங்கே அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். பின்னால் பாரம் இருந்தால் ஈரத்தில் வண்டி கிளம்புவதும் மேடு ஏறுவதும் சுலபம். ஆனால், பாரம் கூடினால் நிற்கும் தூரம் குறையாது. வளைவில் பின்பக்கம் ஒதுங்கினால், அந்தப் பாரமே வாலை இன்னும் வெளியே இழுக்கும். தனி மூட்டை தேவையில்லை. மேல் கேரியரில் கட்டும் பெட்டி, சமையல் பாத்திரங்களை இறக்கி, பின் ஆக்சிலுக்கு மேலே தாழ்வாக, உருளாதபடி வைத்தாலே போதும்.

ஏற்றம் நண்பன், இறக்கம் சோதனை

செங்கோட்டை 1956 நவம்பர் 1-ம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். அதைத் தாண்டினால் புளியரை. அங்கிருந்து எஸ் வளைவு, கோட்டைவாசல் என்று மலை ஏறுகிறது சாலை.

ஏறும்போது வண்டியின் எடை பின்னால் சாயும். தள்ளும் சக்கரம் நன்றாக அழுந்தும். பின்சக்கர வண்டிக்குச் சாதகமான இடம் இது. ஆக்சிலேட்டரை மட்டும் முட்டை மேல் கால் வைப்பதுபோல் மிதித்தால் போதும். டீசல் வண்டியில் முதல் கியரில் சக்கரம் சுற்றினால், இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டுக் கிளம்பலாம்.

சிக்கல் திரும்பி வரும்போதுதான். தென்மலை, ஆரியங்காவு பார்த்துவிட்டு, சாப்பிட்ட மயக்கத்தோடு புளியரைக்கு இறங்கும் நேரம். எடை முன்னால் சாய்ந்திருக்கும். பின்சக்கரம் லேசாகியிருக்கும். அந்த நேரத்தில் வளைவுக்குள் போய் கியரை வெடுக்கென்று குறைத்தால், இன்ஜின் பின்சக்கரங்களை மட்டும் பிடித்து இழுக்கும். கிட்டத்தட்ட ஹேண்ட் பிரேக் போட்ட மாதிரி. வால் ஒதுங்கிவிடும்.

அதனால் வரிசை முக்கியம். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக். அப்போதே கியர் குறைத்து, கிளட்சை மெதுவாக விடுவது. பிறகு ஸ்டீயரிங். வளைவு முடிந்து வண்டி நேரான பிறகே ஆக்சிலேட்டர். ஒரு நேரத்தில் ஒரு செலவு.

இந்தச் சாலைக்குத் துணையாகவே 1904-ல் திறக்கப்பட்ட செங்கோட்டை - புனலூர் ரயில் பாதையும் மலை ஏறுகிறது. அகலப்பாதையாகி 2018-ல் மறுபடி ரயில் ஓடத் தொடங்கிய பாதை. ஈரத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும் என்பதால், ரயில் இன்ஜின்களில் மணல் பெட்டி வைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் ஏற்பாடு உண்டு. காருக்கு அந்த வசதி இல்லை. இருக்கும் பிடியைக் காப்பாற்றிக்கொள்வது ஒன்றே வழி.

வால் ஒதுங்கிவிட்டால்?

பிரேக்கை மிதிக்கத் தோன்றும். மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மிதித்துவிட வேண்டும். பின்பக்கம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, அதே பக்கம் ஸ்டீயரிங்கை அளவாகத் திருப்ப வேண்டும். கண், மோதப்போகும் மரத்தைப் பார்க்காமல், போக வேண்டிய சாலையைப் பார்க்க வேண்டும். வண்டி நேராகும்போதே ஸ்டீயரிங்கையும் நேராக்கிவிட வேண்டும். தாமதித்தால் மறுபக்கம் வீசிவிடும். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியை நிறுத்த, பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பதுதான் முறை.

ரம்புட்டான், மங்குஸ்தான் வாங்க ஓரம் கட்டி, இடது பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிடுவதும் சீசனில் சகஜம். அந்த ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றும், தார் மேல் இருக்கும் மறு சக்கரம் சும்மா இருக்கும். டிஃபரென்ஷியலின் இயல்பு அது. ஹேண்ட் பிரேக்கை ஓரிரு பல் மட்டும் இழுத்துக்கொண்டு மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்தால், சுற்றும் சக்கரம் கட்டுப்பட்டு, மறு சக்கரத்துக்கும் கொஞ்சம் பலம் போகும். வண்டி வெளியே வந்ததும் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும். ஓடும் வண்டியில் இந்த வித்தை கூடவே கூடாது.

குளித்த காலும் ஒரு காரணம்

எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, ஈரக் காலோடு அப்படியே ஸ்டீயரிங் முன் உட்காருபவர்கள் நிறைய. டயருக்குப் பிடி இருந்தாலும் பெடலில் கால் வழுக்கினால் என்ன பயன்? காலைத் துடைத்து, ரப்பர் அடி உள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொள்வது நல்லது. நன்றாகக் குளித்த உடம்பு தூக்கம் கேட்கும். ஒரு மணி நேரம் படுத்து எழுந்து கிளம்பினால் ஒன்றும் குறைந்துவிடாது.

சீசனுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. நான்கு டயர், ஸ்டெப்னி, வைப்பர் ரப்பர், பிரேக் லைட். வாடகை வண்டி என்றால், வாடகை பேசும்போதே பின் டயரை ஒருமுறை குனிந்து பார்ப்பதில் தப்பில்லை. டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல டிரைவர் என்றால், அவரே கூட வந்து காட்டுவார்.