தம்பிக்கு, மெயில் சேவர் பற்றி

கொக்குவில்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றிரவு கதைக்கேக்கை நீ நல்லாய்க் குழம்பிப் போயிருந்தாய். அதனால்தான் ஆறுதலாய் இருந்து எழுதுகிறேன்.

"ரொறன்ரோக் கடைக்காரர் பில் வரேல்லை எண்டு சொல்லினம், எங்கட சேவர் பழுது" என்றாய். பழுது என்று முடிவெடுக்க முதல் லொக்கைப் பார். நீ அனுப்பின படத்தில் அந்த மெயிலுக்கு நேரே 250 என்ற பதில் எண் கிடக்கிறது. அப்படியென்றால் அங்காலை கையேற்றுவிட்டார்கள். அனேகமாய் ஸ்பாமுக்குள் கிடக்கும், தேடிப் பார்க்கச் சொல்லு. லண்டனுக்குப் போனது 450இல் நிற்கிறது. நாலில் தொடங்கினால் பிறகு வரச் சொல்கிறார்கள். உங்கள் சேவரில் ஓடுகிற போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரை தானாகவே முயலும். நீ பதறிப் புதிது புதிதாய் அனுப்பினால் ஒரே பில் பலதரம் போய்ச் சேரும். ஐந்தில் தொடங்குவதுதான் மறுப்பு. காரணமும் அந்த வரியிலேயே இருக்கும், கடைசி வரை வாசி.

உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸை இங்கிருந்து பார்த்தேன். எந்தச் சேவர் உங்கள் பேரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்கிற எஸ்பிஎஃப் பதிவு இரண்டு கிடக்கிறது. ஒன்று பழைய வெப் ஹோஸ்டிங் காலத்தது, மற்றது கந்தோர் சேவருக்குப் போட்டது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டைக் கண்டால் வாங்குகிற சேவர் பிழை என்று சொல்லி இரண்டையும் தள்ளிவிடும். ஒன்றாக்கு. மெயில் உங்களுடையதுதான் என்று காட்டுகிற டிகேஐஎம் கையொப்பமும் இல்லை. 2024 மாசி தொடக்கம் கூகுளும் யாகூவும் சின்னக் கந்தோர்களிடமும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது கேட்கின்றன. நீ இரண்டையும் போடு.

கஷ்டமானது சேவரின் ஐபி. அதைத் திருப்பித் தேடினால் இணைப்புத் தந்த கம்பனியின் பொதுப் பெயர்தான் வருகிறது. பார்க்கிறவர்களுக்கு அது வீட்டு இணைப்பு மாதிரித் தெரியும், வாசலிலேயே மறிப்பார்கள். அந்தப் பெயரை மாற்ற உன்னால் ஏலாது, கம்பனிதான் மாற்ற வேண்டும். நிலையான ஐபியும் அதற்கு உங்கள் சேவரின் பெயரும் வேண்டும் என்று எழுத்தில் கேள். இழுத்தடித்தால், வெளியே போகிற மெயிலை மட்டும் ஒரு ரிலே சேவையூடாக 587ஆம் போர்ட்டில் விடு. அதன் பெயரையும் எஸ்பிஎஃப்பில் சேர்க்க வேணும். எனக்கென்றால் ரிலேதான் விருப்பம், உனக்கு அரைவாசித் தலையிடி குறையும்.

கரண்ட் போனால் வருகிற மெயில் துலைந்துவிடும் என்று முதலாளி பயப்படுகிறாராம். அனுப்புகிற பக்கம் நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பது மெயில் போக்குவரத்துக்கான எஸ்எம்டிபி நியமம். அதுக்காக இரவு முழுக்க ஜெனரேட்டர் ஓட்டத் தேவையில்லை என்று சொல்லு.

உங்கள் கந்தோருக்குப் பனங்கிழங்கு கிழித்து ஒடியல் காயவைக்கிற, பனங்கட்டி காய்ச்சுகிற அக்காமாருக்கு அந்தப் பில் போய்ச் சேர்ந்தால்தான் காசு. கப்பலில் வரும் கடிதத்துக்கு மாதக்கணக்காய்க் காத்திருந்த 1990களை அவையளும் கண்டவை. இப்ப ஒரு டிஎன்எஸ் வரியால் அவையளின்ரை கூலி பிந்தக்கூடாது.

எஸ்பிஎஃப்பை இன்றைக்கே திருத்து. சில மணித்தியாலம் விட்டு என் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் போடு, ஹெடரைத் திறந்து 'பாஸ்' வருகிறதா பார்த்துச் சொல்கிறேன். டிகேஐஎம்மைச் சனிக்கிழமை வந்து இருவருமாய்ப் போடுவம். சேவரின் பாஸ்வேர்டை அதுவரை ஒருவரிடமும் குடுக்காதே.

அன்புடன்,
அக்கா