அந்தப் படம் காட்டாத வழி

‘பராசக்தி’ என்றதும் எல்லோருக்கும் கோர்ட்டு சீன்தான் ஞாபகம் வரும். கூண்டில் நிற்கும் சிவாஜி, கலைஞரின் வசனம், கொட்டகை அதிரும் கைதட்டல். எனக்கு முதலில் ஞாபகம் வருவது எஸ்.எஸ்.ராஜேந்திரன். ரங்கூனிலிருந்து கால்நடையாகக் கிளம்பி, குண்டுவீச்சில் ஒரு காலை இழந்து, பிச்சைக்காரனாக நாடு வந்து சேரும் ஞானசேகரன்.

நாங்களும் நடந்து வந்தவர்கள்.

அய்யா ரங்கூனில் ஒரு செட்டியாரிடம் கணக்கெழுதினார். 1941 டிசம்பர் 23. விமானச் சத்தம் கேட்டு யாரும் ஒளியவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தோம். எதிர்வீட்டுத் தாத்தா வெற்றிலையை மென்றுகொண்டே விரல்விட்டு விமானங்களை எண்ணினார். வாயோரம் சிவப்பாக வழிந்த எச்சிலைத் துடைக்கக்கூட மறந்திருந்தார். அந்த முகம் இப்போதும் அப்படியே இருக்கிறது. பிறகு குண்டு விழுந்தது, தெரு புழுதியானது, ஆத்தா என் கையைப் பிடித்து இழுத்தாள், ஓடினோம். திரும்பி வந்தபோது எதிர்வீட்டுத் திண்ணை இல்லை, தாத்தாவும் இல்லை.

படத்தில் சண்டைக்காலம் என்று ஒரே ஒரு கப்பல் டிக்கெட்டுதான் கிடைக்கும். தங்கை கல்யாணத்துக்குச் சிவாஜி நடித்த குணசேகரன் மட்டும் கிளம்புவான். எங்கள் வீட்டுக்கும் கிடைத்தது ஒன்றுதான். பெரியண்ணனை ஏற்றிவிட்டோம். மிச்சப்பேர் தை மாதத்தில் புரோமுக்குப் போய், ஐராவதியைக் கடந்து, டவுங்கப் கணவாய் வழியாக அரக்கான் கடற்கரையை நோக்கி நடந்தோம்.

மூங்கில் காடு. முன்னாலும் பின்னாலும் சனம். தையல் மெஷினைத் தலையில் சுமந்து வந்த ஒருவர், அதை ஒரு மரத்தடியில் இறக்கி வைத்து, தன் துண்டால் துடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். காலராவில் விழுந்தவர்கள் பாதையோரம் கைலி போர்த்திக் கிடந்தார்கள். தண்ணீர்தான் இல்லை. சின்னண்ணனுக்குப் பதினான்கு வயது. “இந்தா வந்துடுறேன் ஆத்தா” என்று தூக்குவாளியோடு பள்ளத்தில் இறங்கினான். வரவில்லை. கூப்பிட்டோம், அய்யா இறங்கித் தேடினார், இருட்டியது, விடிந்தது, மறுபடி தேடினோம், பின்னால் வந்த கூட்டம் நெருக்கித் தள்ளியது, ஆத்தாவை இருபுறமும் பிடித்துக்கொண்டு நடந்தோம். அக்யாப், சிட்டகாங், கல்கத்தா, பிறகு ரயில். சொந்த ஊரில் எங்களுக்கு வைத்த பேர் ‘பர்மாக்காரவுக’. அதில் கொஞ்சம் இரக்கமும் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது.

1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’ வந்தது. மதுரைத் தங்கம் தியேட்டரில் ஆத்தாவோடு பார்த்தேன். தங்கை கல்யாணிக்காக மற்ற பெண்கள் அழுதார்கள், ஆத்தா அழவில்லை. வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அந்தப் புள்ள எந்த வழியா வந்தான்னு காட்டவே இல்லையேப்பா?”

அந்தப் படத்தை அதற்குப் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். ஆத்தா சொன்னது சரிதான். வழி அதில் இல்லை. ஆனால் வந்து சேர்ந்தவனுக்குச் சொந்த நாட்டில் என்ன கிடைக்கும் என்பதை அந்தப் படம் போல எதுவும் சொல்லவில்லை. ரங்கூனில் கௌரவமாக இருந்த குடும்பத்துப் பிள்ளைகள், பட்டணத்துத் தெருவில் யாருக்கும் வேண்டாதவர்களாகத் திரிகிறார்கள். நீதிபதியாகிவிட்ட அண்ணனே எதிரே நிற்கும் தங்கையை அடையாளம் தெரியாமல் விரட்டுகிறார். சினிமாவில் கடைசியில் எல்லோரும் சேர்ந்துவிடுகிறார்கள். ஆத்தாவோ சாகும்வரை, காலில்லாத பிச்சைக்காரர் யாரைக் கண்டாலும் காசைப் போட்டுவிட்டு, “ஒனக்கு எந்த ஊருப்பா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் நடந்து வந்த அந்த வருடம் பர்மாவிலிருந்து தரைவழியாகத் தப்பி வந்த இந்தியர்கள் நான்கு லட்சம் பேருக்குக் குறையாது என்கிறார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு யாரிடமும் இல்லை. நடந்து வந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள், என்னைப் போல அப்போது சிறு பிள்ளைகளாக இருந்த சிலர்தான். உங்கள் குடும்பத்திலும் பர்மாவுக்குப் போனவர்கள் இருந்திருந்தால் விசாரியுங்கள். கிளம்பி, வந்து சேராமல் போனவர்களின் பெயரையாவது எழுதி வையுங்கள்.